ஜெராய் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு: உங்கள் ஓடையின் மலையைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் போகிற சாலையில் வலது பக்கம் பார்த்துக்கொண்டே போனால் ஜெராய் மலை கூடவே வரும். உயரம் 1,217 மீட்டர். பெரிய மலைத்தொடரில் ஒரு சிகரம் என்றால் இது ஒன்றும் பெரிய உயரமில்லை. ஆனால் ஜெராய் தனி மலை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் நெல்வயலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும். கடல் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து கிடுகிடுவென்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிற மலை என்பதால், உச்சியில் விழுகிற மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

18 ஆகஸ்ட் 2021 அன்று யான், மெர்போக் பக்கம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடைகளில் தண்ணீரோடு கல்லும் சேறும் வேரோடு பிடுங்கிய மரங்களும் வந்தன. உயிர்களும் போயின. அடுத்த ஆண்டு, 4 ஜூலை 2022, பாலிங் மாவட்டத்துக் குப்பாங்கில் குனோங் இனாஸ் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் 3 பேர் இறந்தார்கள். இரண்டு சமயத்திலும் நம் ஆட்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “இங்கே அவ்வளவு மழையே இல்லையே, இத்தனையும் எங்கேயிருந்து வந்தது?”

உங்கள் கூரை மேல் பெய்யும் மழைக்கும் உங்கள் ஓடையில் வருவதற்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. அந்த ஓடைக்குத் தண்ணீர் தருகிற மலைத்துண்டு ஒன்று மேலே இருக்கிறது. அதன் வடிவம், அதில் சேர்ந்து கிடக்கும் மண்ணும் கல்லும், அதன் மேல் சில நாட்களாக விழுந்த மழை, இவைதான் முடிவு செய்கின்றன. அந்தத் துண்டை அடையாளம் கண்டு, அளந்து, கவனிப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மெர்போக், செமெலிங், யான், குருண் சுற்று வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், கேமரன் மலையிலோ பெந்தோங்கிலோ இருப்பவர்களுக்கும் படிகள் இவையேதான்.

1. முதலில், வருவது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

மலாய்க்காரர்கள் ‘கெபாலா ஆயர்’ என்று சொல்வதை நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஓடையில் திடீரென்று எழுந்து வரும் தண்ணீர் முகப்பு அது. அதில் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கலாம். கல்சேற்றுப் பாய்ச்சல் அதைவிட மோசமான பிறவி. சாதாரண வெள்ளத்தில் மண்ணும் கல்லும் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. கல்சேற்றுப் பாய்ச்சலில் பாதி, சில சமயம் பாதிக்கு மேலேயே மண்ணும் கல்லும்தான். கலவை இயந்திரத்திலிருந்து கொட்டும் ஈரக் கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1 டன் என்றால், இது 2 டன்னை ஒட்டி வரும். அந்தக் கனத்தில் பெரிய கல்கூட மூழ்கிக் கிடக்காமல் கூடவே நகர்ந்து வரும்.

வேகம் சரிவைப் பொறுத்தது. நொடிக்குச் சில மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு மேலும் போகும். நொடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 3 கி.மீ. தூரத்தை ஆறே கால் நிமிடத்தில் கடந்துவிடும். மேலே நிற்கிற ஒருவர் பார்த்துவிட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி தட்டி, அதைக் கீழே உள்ளவர் திறந்து படிப்பதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்வதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொரு குணமும் உண்டு. பெரிய கற்கள் பாய்ச்சலின் முகப்பில் கூடிவிடும். ஓடும்போது சின்னக் கற்கள் இடுக்குகள் வழியே அடியில் இறங்க, பெரியவை மேலேறி, வேகம் அதிகமுள்ள மேற்பரப்போடு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பாலத்தையோ வீட்டுச் சுவரையோ முதலில் தொடுவது கற்சுவர். பின்னால்தான் சேறு, அதற்கும் பின்னால் தண்ணீர்.

2. உங்கள் ஓடையின் மலைத்துண்டை வரைந்து எடுங்கள்

இதற்குக் கைப்பேசியே போதும், மடிக்கணினி இருந்தால் இன்னும் வசதி. கூகுள் எர்த்தோ, உயரக் கோடுகள் காட்டும் ஓப்பன்டோப்போமேப்போ, இரண்டும் இலவசம்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடையைக் கடக்கும் பாலத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் தொடக்கப்புள்ளி. அங்கிருந்து ஓடையை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். உயரக் கோடுகள் கூராக மலையின் மேற்பக்கம் நோக்கி வளைந்தால் அது பள்ளம், தண்ணீர் அதில் இறங்கும். கீழ்ப்பக்கம் நோக்கிப் புடைத்திருந்தால் அது முகடு, தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரியும். பாலத்தின் இரு பக்கத்திலிருந்தும் முகடுகளைப் பிடித்து ஏறிக்கொண்டே போனால் இரண்டு கோடுகளும் உச்சியில் சந்திக்கும். உள்ளே அடைபட்ட பரப்புதான் உங்கள் ஓடையின் நீர்ப்பிடிப்பு. அதற்குள் விழும் ஒவ்வொரு சொட்டும் உங்கள் பாலத்தை நோக்கித்தான் வரும். பக்கத்துப் பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் அது வேறு ஊர்க் கதை.

முதல் முறை செய்யும்போது குழம்பும். முகட்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஓடைக்குள் போய்விடுவோம். கோடு எங்கேயாவது ஓடையை வெட்டினால் தப்பு என்று பொருள். திரும்ப வந்து சரி செய்யுங்கள்.

இப்போது இரண்டு எண் வேண்டும்: பரப்பளவு, மற்றும் உச்சிக்கும் பாலத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். கூகுள் எர்த் இரண்டையும் தரும். உயர வித்தியாசத்தைப் பரப்பளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இரண்டும் கிலோமீட்டர் கணக்கில் இருக்கட்டும். இதை மெல்டன் எண் என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலம் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முகடு 1,150 மீட்டரில் இருக்கிறது என்றால் வித்தியாசம் 1.09 கி.மீ. பரப்பு 2.5 சதுர கி.மீ. என்றால் அதன் வர்க்கமூலம் 1.58. வகுத்தால் 0.69. அதே மலை, அதே உயரம், ஆனால் பல ஓடைகள் சேர்ந்த பிறகு ஆற்றின் மேல் உள்ள பெரிய பாலத்தை எடுங்கள், பரப்பு 40 சதுர கி.மீ. இப்போது எண் 0.17தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்ஃபோர்டும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி 0.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சாதாரண வெள்ளம், 0.3க்கும் 0.6க்கும் நடுவே கல்மண் கலந்த வெள்ளம், 0.6க்கு மேல் இருந்து நீர்ப்பிடிப்பின் நீளம் 2.7 கி.மீ.க்கு உள்ளே அடங்கினால் கல்சேற்றுப் பாய்ச்சல் வரக்கூடிய இடம். கனடா மலைகளில் போட்ட கணக்கு என்பதால் எல்லைகளை நம் மலைக்கு அப்படியே ஒட்டக் கூடாது. 0.58 வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனாலும் அது சொல்லும் அடிப்படை இங்கேயும் செல்லும்: சின்னதும் செங்குத்தானதுமான நீர்ப்பிடிப்புதான் ஆபத்தானது. பெரிய ஆற்றைப் பார்த்துப் பயப்படுகிற நாம், தாண்டிக் குதிக்கிற அளவு ஓடையை அலட்சியம் செய்கிறோம்.

3. சரிவை அளந்து, நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

சரிவை வரைபடத்திலேயே கணக்கிடலாம். 200 மீட்டர் கிடைத்தூரத்தில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 27 பாகை. 600 மீட்டரில் 100 மீட்டர் ஏறினால் 9 பாகைக்குக் கொஞ்சம் மேல். 1,000 மீட்டருக்கு 100 என்றால் 6 பாகைக்குச் சற்றுக் கீழ். நேரில் போனால் கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே பாகையைக் காட்டிவிடும்.

மண் முதலில் நழுவுவது பெரும்பாலும் 25லிருந்து 45 பாகைக்குள். அதைவிடச் செங்குத்தான இடத்தில் மண் தங்குவதே இல்லை, வெறும் பாறைதான். அதைவிடக் குறைவான சரிவில் மண் தன் எடையில் உட்கார்ந்திருக்கும். நழுவியது ஓடைக்குள் விழுந்த பிறகு, படுகை 15 பாகைக்கு மேல் இருக்கும்வரை அது வேகம் குறையாமல் ஓடும். ஓடும்போதே அடியையும் கரையையும் அரித்துத் தின்று பருக்கும். மேலே விழுந்தது ஒரு வீட்டு மனை அளவு மண்தான் என்றாலும், கீழே வரும்போது அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகியிருக்கலாம். 10 பாகைக்குக் கீழே வந்ததும் வேகம் தளர்ந்து கொட்ட ஆரம்பிக்கும். பெரிய கற்கள் முதலில் நிற்கும், சேறு இன்னும் தூரம் போகும், 3 பாகைச் சரிவுவரைகூடப் பரவும்.

பிரச்சினை என்னவென்றால், அது கொட்டும் இடம்தான் மனிதனுக்குப் பிடித்த இடம். மலை வாயிலிருந்து விசிறி போல விரிந்து, மெதுவாகச் சரிந்து, நல்ல மண்ணும் வற்றாத ஓடையும் உள்ள நிலம். வீடு, பழத்தோட்டம், கோயில், சுற்றுலா விடுதி எல்லாம் அங்கேதான் எழும். அந்த விசிறி நிலமே முன்பு வந்த பாய்ச்சல்கள் கொட்டிக் கொட்டி உண்டானது. வரைபடத்தில் மலை வாயில் உயரக் கோடுகள் வளைந்து வெளிப்பக்கம் புடைத்திருந்தால் அது விசிறி. உங்கள் வீடு அதன் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பீடோங் டவுன் மாதிரி சமவெளியில் தள்ளி இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அவர்களுக்கு வெள்ளக் கவலை மட்டும்தான்.

தோட்டத்து லயங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மலைத் தோட்டங்களில் தண்ணீர் வசதி பார்த்து ஓடைப் பக்கமே லயம் கட்டினார்கள். 6 ஆகஸ்ட் 2020 இரவு மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள் மேல் வந்து விழுந்து 70 பேரைக் கொன்ற மண், லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவிலிருந்து வந்ததில்லை. வெகு மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கத்தில் புறப்பட்டு ஓடை வழியாக இறங்கியது. “வீட்டுக்குப் பின்னால் சரிவே இல்லையே” என்பது பாதுகாப்பு ஆகாது.

4. மேலே என்ன சேர்ந்து கிடக்கிறது?

மழையும் சரிவும் இருந்தால் மட்டும் போதாது, வருவதற்குச் சரக்கு வேண்டும். தீபகற்பத்தின் நடுமலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட். வெப்பத்திலும் ஈரத்திலும் அது பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி மணல் கலந்த மண்ணாகிவிடுகிறது. மக்காத உருண்டைக் கற்கள் நடுநடுவே அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். மண் நழுவினால் அந்தக் கற்களும் கூடவே வரும். ஜெராயில் கிரானைட் ஒரு பகுதிதான், மற்றவை குவார்ட்சைட், ஷிஸ்ட் என்ற பாறைகள். குவார்ட்சைட் மக்காமல் உடைந்து கோணல்மாணலான துண்டுகளாகக் குவியும். எது எப்படி இருந்தாலும் பள்ளத்தில் சரக்கு சேரும்.

எங்கே சேரும்? மலைச் சரிவில் ஓடை தொடங்கும் இடத்துக்கும் மேலே, உள்ளங்கைக் குழிவு போன்ற பகுதிகள் உண்டு. மழை பெய்தால் மட்டும் ஈரமாகும், மற்ற நாளில் ஓடை என்றே தெரியாது. பக்கத்துச் சரிவிலிருந்து உதிரும் மண்ணும் கல்லும் பல பத்தாண்டுகளாக, சில இடங்களில் நூற்றாண்டுகளாக அதில் இறங்கிச் சேர்கின்றன. தண்ணீரும் நாலா பக்கமிருந்தும் அதே குழிக்குத்தான் வருகிறது. தடித்த மண், அதிகத் தண்ணீர், அடியில் நீர் இறங்காத பாறை: மூன்றும் ஓரிடத்தில். புறப்பாடு பெரும்பாலும் இங்கேதான்.

உள்ளே நடப்பது இதுதான். மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவில் நிற்கின்றன. தண்ணீர் இடுக்குகளை நிரப்பி அழுத்தம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்த மண் கொஞ்சம் நகர்ந்ததும் உள்ளுக்குள் நெருங்க முயல்கிறது. ஆனால் தண்ணீர் வெளியேற நேரமில்லை, அழுத்தம் இன்னும் எகிறுகிறது, ஒரு நொடியில் மண் முழுவதும் குழம்பாகிவிடுகிறது. திடமாக நின்ற சரிவு ஓட ஆரம்பிப்பது அப்படித்தான்.

மரவேர் இந்த மண்ணைத் தைத்துப் பிடித்திருக்கிறது. காட்டை வெட்டியவுடன் ஆபத்து உச்சத்துக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டிய மரத்தின் வேர் உடனே மக்காது, சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். பழைய வேர் மக்கிவிட்டது, புதிதாக நட்டதன் வேர் இன்னும் ஆழம் போகவில்லை என்கிற அந்த இடைப்பட்ட காலம்தான் மோசமானது. செம்பனை நட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை, அதன் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவுகிறது.

இந்த இடத்தில் ஒரு சண்டை எப்போதும் நடக்கும். ஒரு தரப்பு எல்லாவற்றுக்கும் மலை மேல் போட்ட டுரியான் தோட்டமே காரணம் என்கும். மறு தரப்பு இயற்கையின் சீற்றம் என்று கையை விரிக்கும். நான் பார்த்த வரையில், மனிதக் கை படாத காட்டுச் சரிவும் பெருமழையில் நழுவும், அதை மறுக்க முடியாது. ஆனால் 25 பாகைக்கு மேல் சரிவில் மண்பாதை வெட்டி, வெட்டிய மண்ணைப் பாதை ஓரத்திலேயே தள்ளிவிட்டு, ஓடை குறுக்கிடும் இடத்தில் சின்ன கான்கிரீட் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டுப் போனால், அது இயற்கை இல்லை. ஒரு கட்டை வந்து குழாய் வாயில் குறுக்கே விழுந்தால் போதும். இலையும் கிளையும் அதில் சேரும், தண்ணீர் பாதைக்குப் பின்னால் குளமாகும், பாதையின் தளர்ந்த மண் ஊறும், பிறகு எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும். மேலே போகிற தோட்டத்து ஆட்களிடம் இந்தக் குழாய்களைப் பற்றி விசாரியுங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் மலையில் வேலை செய்கிற அண்ணன்மார்களுக்கும் எந்தக் குழாய் அடைக்கும் என்பது மனப்பாடம்.

விழுந்த மரங்களும் சரக்குதான். 29 ஆகஸ்ட் 1996 அன்று கம்பாருக்குப் பக்கத்துப் போஸ் டிப்பாங்கில் பூர்வகுடிக் கிராமம் அழிந்து 44 பேர் இறந்தபோது, மரக்கட்டைகளும் சேறும் சேர்ந்தேதான் இறங்கின. குறுகலான இடத்தில் கட்டைகள் சிக்கித் தற்காலிக அணையாகி உடைந்தால், வெறும் மழையால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு பெரிய முகப்பு வரும்.

5. ஓடைக்கரை சொல்லும் பழைய கணக்கு

மழை இல்லாத ஒரு காலையில் ஓடை ஓரமாக நடந்து பாருங்கள். கரை அரிக்கப்பட்டு மண்சுவர் தெரியும் இடத்தில் நில்லுங்கள். தண்ணீர் சுமந்து வந்து போட்டது என்றால் அடுக்கடுக்காக இருக்கும்: ஒரு வரி மணல், ஒரு வரி கூழாங்கல், மறுபடி மணல். கல்சேற்றுப் பாய்ச்சல் போட்டதில் அடுக்கு கிடையாது. களிமண்ணுக்குள் கை அளவுக் கல்லும் மேசை அளவுக் கல்லும் ஒன்றையொன்று தொடாமல் அங்கங்கே பதிந்து நிற்கும். பெரிய கல் அடியில் இல்லாமல் மேலே இருக்கும். விரலால் சுரண்டினால் கல்லுக்கு நடுவே மணலும் களியும் மக்கிய மரத்துண்டும் கலந்தே வரும். அப்படி ஒரு சுவரைப் பார்த்தால், அந்த இடத்துக்கு அது ஏற்கெனவே வந்திருக்கிறது. சுவரில் இரண்டு மூன்று பட்டைகள் தெரிந்தால் இரண்டு மூன்று தடவை.

ஓடையின் இரு கரையிலும் வரப்பு போல நீளமாகக் கல்வரிசை கிடந்தால் அதுவும் அடையாளம், பாய்ச்சல் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது. வளைவுகளில் வெளிப்பக்கக் கரையை உற்றுப் பாருங்கள். வேகத்தில் வரும் சேறு வளைவில் வெளிப்பக்கம் ஏறும், உள்பக்கத்தைவிடப் பல மீட்டர் உயரமாகக்கூட. வெளிவளைவில் வீடு கட்டியிருப்பவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். ஓடைக்கரைக் கோயில்களில் பழைய மரம் இருக்குமே, அதன் மலைப்பக்கத்துப் பட்டையில் ஆள் உயரத்தில் காயம் ஆறிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பூசாரியிடமும் வயதானவர்களிடமும் கேளுங்கள், வெள்ளையன் காலத்துத் தோட்டத்துக் கதைகளில் ஓடை திசை மாறிய கதை ஒன்றாவது இருக்கும்.

6. மழையைக் கணக்கு வைப்பது

வருஷக் கடைசிதான் மழைக்காலம், அப்போது கவனமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைப் பாருங்கள். கெந்திங் செம்பாவில் 20 பேர் இறந்தது 30 ஜூன் 1995. போஸ் டிப்பாங் ஆகஸ்ட். ஜெராய் ஆகஸ்ட். குப்பாங் ஜூலை. எல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்கள், தீபகற்பத்தில் பொதுவாக மழை குறைவு என்று சொல்லப்படும் மாதங்கள். அப்போதும் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் புயல்வரிசை கொட்டிவிட்டுப் போகும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பரில் சாயங்கால இடிமழை. டிசம்பரையும் விட முடியாது, பத்தாங் காலியில் 31 பேர் இறந்த நிலச்சரிவு 16 டிசம்பர் 2022 விடியற்காலை. மொத்தத்தில், விடுமுறை மாதம் என்று எதுவும் இல்லை.

அப்புறம், மழை மலையில் ஒரே மாதிரி பெய்யாது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஜெராயில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து கொட்டும். அதனால் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் வித்தியாசம் பெரிது. பீடோங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே மலை மேல் கருத்துக் கிடக்கும். மலை முகம் தெரியாமல் மேகம் மூடி நகராமல் நிற்கிறது என்றால், கீழே வெயில் அடித்தாலும் அங்கே பெய்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மழையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: முந்தைய நாட்களில் எவ்வளவு, இப்போது எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம். முந்தைய மழை மண்ணை நிரப்பி வைக்கிறது. நிரம்பிய மண்ணின் மேல் வரும் ஒரு மணி நேரக் கனமழை துப்பாக்கியின் விசையை அழுத்துகிறது. காய்ந்த மண்ணில் அதே மழை பெய்தால் உறிஞ்சிக்கொள்ளும். பத்தாங் காலியில் அன்றிரவு பெருமழை இல்லை, அதற்கு முன் பல நாள் பெய்து ஊறியிருந்த சரிவுதான் நழுவியது. ஆகவே “இன்றைக்குத் தூறல்தானே” என்பதும் பதிலாகாது.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் இணையத்தளத்தில் நிலையம் வாரியாக மழை அளவு வரும். ஒரு மணி நேரத்தில் 10 மி.மீ. வரை லேசு, 11–30 நடுத்தரம், 31–60 கனம், 60க்கு மேல் மிகக் கனம் என்று பிரித்திருப்பார்கள். 60 மி.மீ. என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நாம் கணக்குப் போட்ட 2.5 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் அது 1,50,000 டன் தண்ணீர். உங்கள் நீர்ப்பிடிப்புக்கு மிக அருகில் உள்ள நிலையத்தைக் குறித்து வையுங்கள், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும். சமவெளி நிலையம் காட்டும் எண்ணை மலை மழையின் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலும் ஓர் அளவுகோல் வைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள காலி மைலோ டின், கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் கம்பத்தில் கட்டினால் போதும். தினம் ஒரே நேரத்தில் அளவுகோலை விட்டு ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதி, டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். கொசு மருந்து அடிக்க வருபவர்கள் திட்டாமல் இருக்க, கவிழ்ப்பதை மறக்காதீர்கள். நோட்டில் அன்றைய அளவு, கடந்த 3 நாள் கூட்டுத்தொகை, கடந்த 7 நாள் கூட்டுத்தொகை, பக்கத்தில் ஓடையின் நிறமும் பாலத்துத் தூணில் தண்ணீர் தொட்ட உயரமும்.

எத்தனை மில்லிமீட்டர் வந்தால் ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். நெல் கெய்ன் என்ற ஆய்வாளர் உலகத்தின் பல இடங்களில் நடந்த 73 சம்பவங்களைத் தொகுத்து 1980இல் ஒரு கீழ் எல்லை சொன்னார். அதன்படி 1 மணி நேரத்தில் சுமார் 15 மி.மீ., 10 மணி நேரத்தில் 60, ஒரு நாளில் 103 வந்தால் சரிவு சாத்தியம். நம் ஊரில் சாயங்கால மழை ஒன்றே 15ஐ வாரத்துக்கு ஒரு தடவை தாண்டும், எதுவும் நடக்காது. பெருமழைக்குப் பழகிய மலையின் எல்லை வேறு. அதனால் அந்த எண்ணை அபாயச் சங்காக வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் நோட்டுதான் உதவும். ஒரு வருஷம் எழுதினால், 3 நாள் கூட்டுத்தொகை எவ்வளவு ஆகும்போது உங்கள் ஓடை கலங்குகிறது, எவ்வளவு ஆகும்போது கல் உருளும் சத்தம் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். அதுவரை நீங்கள் பார்த்த அதிகபட்சக் கூட்டுத்தொகையைத் தொட்டுவிட்டு, மேலே இன்னும் கறுப்பாக இருந்தால், அன்றிரவு உறவினர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளையும் பாருங்கள். அவை வட்டாரத்துக்குப் பொது. உங்கள் ஓடைக்கென்று தனியாக யாரும் எச்சரிக்கை விடப் போவதில்லை.

7. ஓடை மாறும் நேரம்

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், அதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. மேலே எங்கோ அடைத்துக்கொண்டுவிட்டது. பலர் “வடிந்துவிட்டது” என்று இறங்கிப் பார்க்கப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் திரும்ப வரும்போது தனியாக வராது. நிறம் சட்டென்று காப்பிக் கருப்பாவது, மண் வாசனை தூக்கலாக வருவது, இலையும் கிளையும் கூட்டமாக மிதந்து வருவது, கல்லோடு கல் மோதும் சத்தம், மேலே மரம் முறியும் சத்தம், தரை அதிர்வு: இவற்றில் எது தெரிந்தாலும் சரிபார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

ஓடும் திசை முக்கியம். ஓடையோடு கீழ்நோக்கி ஓடினால் தோற்றுவிடுவீர்கள். ஓடைக்குக் குறுக்காகப் பக்கவாட்டில், மேட்டை நோக்கிப் போங்கள். பாலத்தைக் கடக்காதீர்கள், காடியை (காரை) எடுக்கப் போகாதீர்கள். வெளியேற வழியே இல்லையென்றால் மாடிக்கு ஏறி, ஓடைக்கும் மலைக்கும் எதிர்ப்பக்க அறையில் இருங்கள். அவசர எண் 999ஐப் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு அழையுங்கள். முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல அலைகள் வருவது வழக்கம், நடுவில் பல நிமிட அமைதி இருக்கும்.

வெள்ளி, சனியில் பிள்ளைகளோடு தூப்பா, தித்தி ஹாயுன், பத்து ஹம்பார் என்று அருவிக்குப் போகிறவர்கள், தண்ணீரில் இறங்குமுன் ஏறி ஓட வேண்டிய பாதையைப் பார்த்து வையுங்கள். மலை உச்சி தெரியாவிட்டால் மேகி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், அருவி எங்கேயும் போகாது.

8. வந்து போன பிறகு

ஒரு தடவை வந்துவிட்டது, சரக்கெல்லாம் இறங்கிவிட்டது, இனிப் பல வருஷத்துக்குக் கவலையில்லை என்பது பாதி சரி. முழுக்கப் பாறை தெரியும்படி சுத்தமாக வழித்துக்கொண்டு போன குழியில் மறுபடி மண் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆனால் மண் நழுவிய இடத்து வடுவின் மேல் விளிம்பு செங்குத்தாக, பிடிப்பில்லாமல் தொங்கும், அது இன்னும் நழுவும். நடுவழியில் பாதிச் சரக்கு ஓடைப் படுகையிலேயே தங்கியிருக்கும், அடுத்து வரும் சிறிய மழைகூட அதை நகர்த்தும். 30 ஜூலை 2024 அன்று வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையை அழித்த பாய்ச்சல் 1,550 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு சுமார் 8 கி.மீ. ஓடியது. அது தொடங்கிய இடத்தில் அதற்கு முன்பே ஒரு சரிவின் வடு இருந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஆகவே உங்கள் நீர்ப்பிடிப்பில் புதிய வடு விழுந்திருந்தால், நோட்டில் நீங்கள் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவை உடனே குறைத்துக்கொள்ளுங்கள்.

வடுவைக் கண்டுபிடிக்க மலை ஏற வேண்டாம். சமவெளியிலிருந்தே பச்சை நடுவே செம்மண் கீறலாகத் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலையில் கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் தேதியையும் குறியுங்கள். வீட்டு அளவில் செய்ய வேண்டிய வேலை லோங்காங்கையும் (வடிகாலையும்) பாலத்து அடியையும் கட்டையில்லாமல் வைப்பதுதான். ஓடையில் கல் எடுத்துச் சுவர் கட்டும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அது முகப்பைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பும்.

படுகையில் கட்டைகள் அடைத்திருந்தாலும், மேலே மண்பாதை புதிதாக வெட்டியிருந்தாலும், படங்களோடு மாவட்ட அலுவலகத்துக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். சரிவில் விரிசல் என்றால் கனிம, புவி அறிவியல் துறைக்கும் ஒரு நகல். ஜெராயின் முகடு குவாலா மூடா, யான் மாவட்டங்களுக்கு நடுவே போகிறது. வடு ஒரு மாவட்டத்திலும் ஓடை இறங்கும் வீடுகள் இன்னொரு மாவட்டத்திலும் இருக்கலாம். அப்படியானால் இரண்டு அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு இரண்டு நகலிலும் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.